கிண்ணத்தில் கிடந்த வால்வு

வெண்டல் ஸ்டக்கி ஒரு டஜன் பொய்ப் பாறைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்றே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம், அதனால் அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

வெண்டல் எங்கள் சாகுவாரோ குடியிருப்பின் சொந்தக்காரர். தெருவுக்கு அந்தப் பக்கம் மனைவி மாக்ஸீனோடு தனி வீட்டில் இருக்கிறார். நான் பெர்னிஸ், குடியிருப்பின் மேனேஜர். ஒன்றாம் நம்பர் வீடு எனக்கு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். என் வயசில் இன்னொரு வீடு தேடி அலைவதை நினைத்தாலே முழங்கால் வலிக்கும்.

அரிசோனாவில் எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாரும் வாசலில் சரளைக்கல்லைக் கொட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். வெண்டலுக்கு மட்டும் புல்வெளி வேண்டும். பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டும். அதற்காகப் பின்புறம் ஒரு பெரிய தொட்டியில் நீல நிற உர மருந்தைக் கலக்கி, விடிகாலையில் மட்டும் ஓடுகிற ஒரு குட்டி மோட்டார் வைத்து, தோட்டத்துக் குழாயில் சேர்த்துவிட்டிருந்தார். அந்தக் குழாயின் தலைமாட்டில் ஒரு பித்தளை வால்வு உண்டு. பேக்ஃப்ளோ வால்வு என்பார்கள். தெருக் குழாயிலிருந்து தண்ணீர் உள்ளே வரலாம், வந்தது திரும்பிப் போகக் கூடாது. அதுதான் அதன் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை லைசென்ஸ் உள்ள ஆள் வந்து கேஜ் என்கிற அழுத்தமானியை மாட்டிச் சோதித்து, அந்த ரிப்போர்ட் தண்ணீர் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும்.

பித்தளை என்றால் திருடர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். சில வருஷத்துக்கு முன்னால் பழைய வால்வை ஒரு ராத்திரியில் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புது வால்வைப் போட்ட கையோடு வெண்டல் இந்தப் பிளாஸ்டிக் பாறைகளை வாங்கினார். உள்ளே வெறும் கூடு, வெளியே அசல் பாறை மாதிரி. ஒன்று வால்வுக்கு மூடி. மற்றதெல்லாம் திருடனைக் குழப்புவதற்கு. அடிக்கடி அவற்றை இடம் மாற்றி வேறு வைப்பார். திருடன் குழம்பினானோ இல்லையோ, நாங்கள் குழம்பிப் போனோம்.

இந்த வருஷம் சோதனைக்கு ஆள் கூப்பிடலாம் என்று நான் மார்ச்சிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றே தள்ளிவிட்டார். ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை கேட்டில் ரோஸ் நிற நோட்டீஸ் தொங்கியது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் சோதனை ரிப்போர்ட் வராவிட்டால் குடியிருப்புக்கே தண்ணீர் நிறுத்தப்படும். தோட்டத்துக்கு மட்டுமல்ல, எல்லா வீட்டுக்கும். வெளியே வெயில் கொதிக்கிற காலம்.

வெண்டல் நோட்டீசைக் கையில் வைத்து ஆட்டினார்.

"பெர்னிஸ், வெள்ளிக்கிழமை தண்ணி நின்னுச்சுன்னா சனிக்கிழமை நீ இங்க இருக்கமாட்ட."

"நான்தானே மார்ச்சுல இருந்து தொண்டை கிழியக் கத்தினேன்?"

"கத்தினா ஆச்சா? செஞ்சிருக்கணும்."

"நீங்கதானே வேண்டாம்னீங்க!"

"அது வேற விஷயம்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போய்விட்டார். இந்த மனிதரிடம் எது கேட்டாலும் அது வேறு விஷயமாகிவிடும்.

லைசென்ஸ் உள்ள ஆட்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஊரில் உள்ள எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் அந்த வாரம்தான் ஞானம் பிறந்திருக்கிறது. ஒருவருக்கும் நேரமில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆள், என் தங்கை டெல்லா. ஈஸ்டர் விருந்தில் என் உருளைக்கிழங்கு சாலட்டை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "இதை வேணும்னேதான் இப்படிப் பண்ணினியா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டாள். அதோடு பேச்சுவார்த்தை இல்லை. வீடு போகிற நிலைமையில் ரோஷம் பார்க்க முடியாது. கூப்பிட்டேன்.

"யாரு?"

"நான்தான்."

"எந்த நான்?"

"உனக்கு எத்தனை அக்காடி இருக்காங்க?"

"ஒண்ணுதான். அதுவே அதிகம்."

பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"சாப்பாடு எதுவும் போடமாட்டியே?"

"மாட்டேன்."

"அப்போ புதன்கிழமை வர்றேன்" என்றாள்.

சொன்ன மாதிரியே வந்தாள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் கேஜ் பெட்டி. முற்றத்தில் சிதறிக் கிடந்த பாறைகளைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"அக்கா, இதுல எது?"

"இதுல ஒண்ணு."

"ரொம்ப உபகாரம்."

ஒவ்வொன்றாகத் தூக்கினோம். பாதி தூக்க வரவில்லை. அவை அசல் பாறைகள். ஒரு பொய்ப் பாறைக்கு அடியில் யாருடையதோ மாற்றுச் சாவி. இன்னொன்றுக்கு அடியில் சிகரெட் பாக்கெட்டும் லைட்டரும். மாடிவீட்டு ஹால்வர்சன் மேலேயிருந்து பதறினார்.

"பெர்னிஸ்! அதை அப்படியே வச்சிருங்க, புண்ணியமாப் போகும்!"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "அங்க என்ன?"

"ஒண்ணுமில்ல கண்ணு, பாறை!"

சிகரெட்டை விட்டு ஒரு வருஷமாகிறது என்று அந்தம்மா சர்ச்சில் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தார். பாறையை இருந்த இடத்திலேயே வைத்தோம்.

வேலியோரப் பாறையை டெல்லா ஒரு பக்கமாகச் சாய்த்தாள். சாய்த்த வேகத்திலேயே பின்னால் தாவினாள். கிலுகிலு என்று சத்தம். பித்தளை வால்வைச் சுற்றிக்கொண்டு ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு சொகுசாகப் படுத்திருந்தது. நான் போட்ட கூச்சலில் ஆறாம் நம்பர் ஒக்டாவியோ நீளமான இடுக்கியும் மூடியுள்ள வாளியும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். கூரை வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பாம்பு பிடிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

"கத்தாதீங்கம்மா, பாவம், அதுக்கும் வெயில்தானே" என்று சொல்லிக்கொண்டே பதமாகத் தூக்கி வாளிக்குள் விட்டார். ஊருக்கு வெளியே ஓடையில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகச் சொன்னார்.

டெல்லா வால்வுக்கு அடியில் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரமா, ஜில்லுன்னு இருக்கு. அதான் வந்து படுத்திருக்கு. வால்வு ரொம்ப நாளா சொட்டுது."

கேஜை மாட்டினாள். ஒன்றைத் திறந்தாள், ஒன்றை மூடினாள், முள்ளையே பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"உள்ள ரெண்டு கதவு இருக்குக்கா. ரெண்டுமே சரியாச் சாத்தல. ஃபெயில்."

என் சோபா, என் திரைச்சீலை, நான் வளர்த்த பூச்செடி எல்லாம் தெருவில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் பாத்து எழுதேன்டி."

"எதைப் பாத்து?"

"அக்கான்னு பாத்து."

"கேஜுக்கு அக்கா தங்கச்சியெல்லாம் தெரியாது" என்றாள். கல்நெஞ்சக்காரி.

அதற்குள் வெண்டல் மூக்கு வியர்த்து வந்து சேர்ந்தார். ஃபெயில் என்று கேட்டதும் ஒரு குதி குதித்தார்.

"எனக்கு எதுக்கு இந்தச் சனியன்? ஊர்த் தண்ணி சுத்தமாத்தானே வருது!"

"ஐயா, இது ஊர்கிட்ட இருந்து உங்களைக் காப்பாத்துறதுக்கு இல்ல" என்றாள் டெல்லா. "உங்ககிட்ட இருந்து ஊரைக் காப்பாத்துறதுக்கு."

"என்னது?"

"அந்த நீலத் தொட்டிக்கு மோட்டார் வச்சிருக்கீங்க இல்ல? அது தள்ளுது. கதவு சாத்தலைன்னா மருந்து தெருக் குழாய்க்கே திரும்பிப் போகும்."

"அப்போ நான்தான் அழுக்குங்கிற?"

"குழாயோட கணக்குல, ஆமா."

இந்த வால்வு தன் வீட்டுக்குக் காவல் என்றுதான் எல்லாச் சொந்தக்காரர்களும் நினைக்கிறார்கள். காவல் தங்கள் மேல் போடப்பட்டிருக்கிறது என்று கேட்டால் முகம் தொங்கிப் போகும். வெண்டலுக்குத் தொங்கவில்லை, சிவந்தது. இந்த ஊரில் தன்னை யாரும் அழுக்கு என்று சொன்னதில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன், என்று கத்திவிட்டுப் போனார்.

டெல்லா அசரவில்லை. தோட்டத்துக் குழாயை இரண்டு பக்கமும் மூடினாள். வால்வின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த ஸ்பிரிங், தட்டு, ரப்பர் எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். வைக்க ஏதாவது கொடு என்று கேட்டாள். என் சாலட் கிண்ணத்தைக் கொடுத்தேன்.

"ஒருவழியா இந்தக் கிண்ணத்துக்கு ஒரு நல்ல வேலை" என்றாள். கையில் ஸ்பேனர் வைத்திருப்பவளிடம் என்ன பேசுவது.

ரப்பர் வெடித்துப் போயிருந்தது. டூசானில் ஒரு கடையில் கிடைக்கலாம். கிடைத்தால் வெள்ளி சாயங்காலம் மாட்டிவிடலாம், கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை. நோட்டீசோ வெள்ளி மத்தியானம்.

"ஃபெயில் ரிப்போர்ட்டை உன் போனுக்கு அனுப்பிட்டேன். ஆபீசுக்கு அனுப்புறது மேனேஜர் வேலை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஃபெயிலை அனுப்புவதற்கு எனக்கென்ன பைத்தியமா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு வெள்ளை வண்டி வந்து வாசலில் நின்றது. ராண்டி. வெண்டல் பிடித்த வேறு ஆள், நான் கூப்பிட்டபோது நேரமில்லை என்றவன்தான். அவனுக்கும் லைசென்ஸ் உண்டு. எஞ்சினை அணைக்கவில்லை, ஏசி நின்றுவிடும் என்று பயம் போலிருக்கிறது. ஜன்னலை இறக்கி வெண்டலோடு பேஸ்பால் பேசினான். ஒரு பரிட்டோ ரொட்டிச் சுருளை முழுசாகத் தின்று முடித்தான். காகிதத்தைக் கசக்கிப் பின் சீட்டில் எறிந்தான். கிளம்பிவிட்டான். வண்டிக் கதவு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

தெருமுனை திரும்புவதற்குள் என் போனில் ரிப்போர்ட் வந்துவிட்டது. பாஸ். முதல் கதவு பிரமாதம். இரண்டாம் கதவு அதைவிடப் பிரமாதம். எண்களெல்லாம் அவ்வளவு அழகாக இருந்தன. நான் போனைப் பார்த்தேன். மேஜைமேல் சாலட் கிண்ணத்தைப் பார்த்தேன். அந்த இரண்டு பிரமாதமான கதவுகளும் கிண்ணத்துக்குள் கிடந்தன.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். வெண்டல் உள்ளே வந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"பாத்தியா? பாஸ்! உன் தங்கச்சி சும்மா பயமுறுத்தியிருக்கா. இப்பவே ஆபீசுக்கு அனுப்பு. இன்னைக்கே புல்லுக்குத் தண்ணியைத் திறக்கணும்."

கிண்ணத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, சாலட்டா?"

"ராண்டி பாஸ் போட்ட வால்வு. நேத்தில இருந்து இங்கதான் இருக்கு."

வெண்டல் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார்.

"சரி. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீ வாயைத் திறக்கலைன்னா யாருக்கும் தெரியாது. இந்த வீடு உனக்கு வேணுமா வேண்டாமா, யோசிச்சுக்கோ."

அவர் போன பிறகு சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது. போனில் இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. நான் ஒன்றும் உத்தமி இல்லை. பிளம்பரைக் கூப்பிடாமலே "வந்துக்கிட்டே இருக்கார்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாஸை அனுப்பினால் சோபா இருந்த இடத்தில் இருக்கும். விரலைக்கூட அதன் மேல் கொண்டுபோய்விட்டேன். அப்போது அந்தப் பயல் பரிட்டோக் காகிதத்தைக் கசக்கி எறிந்தது கண்முன் வந்தது. என் தங்கை வெயிலில் மண்டியிட்டு, பாம்பு படுத்த இடத்தில் கையை விட்டுச் சொன்ன வார்த்தையும், இவன் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்ன வார்த்தையும் ஒரே விலையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருக்கோடியில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது, அந்த வாண்டுகள் குழாயில் வாயை வைத்துத்தான் குடிக்கும். அதை நினைத்துத்தான் அனுப்பினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அனுப்பியது என் கோபம். ஃபெயிலை அனுப்பிவிட்டேன்.

அட்டைப் பெட்டிகளை எடுத்து வந்து தட்டுகளைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தேன்.

வெள்ளி காலையில் வெண்டல் வந்து பெட்டிகளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எதை அனுப்பின?"

"ஃபெயிலை."

"சாவியை மேஜைமேல வச்சிட்டுப் போ" என்றார். கத்தக்கூட இல்லை. அவர் கத்தாததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மத்தியானம் தண்ணீர் ஆபீஸ் வண்டி வந்தது. மாடியெல்லாம் தலைகள். ஒவ்வொரு வீட்டிலும் பாத்டப், வாளி, பூ ஜாடி, எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் பலியாட்டைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டியிலிருந்து இவோன் பெகே என்ற அம்மா இறங்கினார்.

"ஃபெயில் ரிப்போர்ட் அனுப்பினது யாரு?"

"நான்தாங்க" என்றேன். "தண்ணியை இப்பவே மூடப்போறீங்களா?"

"எதுக்கு மூடணும்? டெஸ்டே பண்ணாதவங்களுக்குத்தான் மூடுவோம். ஃபெயில் ஆனா ரிப்பேர் பண்ண டைம் உண்டு. நோட்டீசுக்குப் பின்பக்கம் போட்டிருக்கே."

"பின்பக்கமா?"

"யாரும் திருப்பிப் பாக்குறதில்ல" என்று அந்தம்மா பெருமூச்சு விட்டார். "நான் வந்தது வேற விஷயத்துக்கு. உங்க ரிப்போர்ட்டுல உர மருந்துத் தொட்டின்னு இருந்துச்சு. அது என்ன நிறம்?"

"நீலம்."

அந்தம்மாவின் முகம் மலர்ந்தது. இந்தத் தெருவில் ஒரு வீட்டிலிருந்து குளிர்காலத்திலிருந்தே புகார் வந்துகொண்டிருக்கிறதாம். காபி கசக்கிறது, ஐஸ் கட்டி நீலமாக இருக்கிறது. ஆபீஸ் ஆட்கள் பகலில் வந்து பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் சுத்தமாக இருக்கும், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"எந்த வீடுங்க அது?" என்று கேட்டேன்.

தெருவுக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். வெண்டலின் வீடு.

ஆபீஸ் வண்டியைக் கண்டுவிட்டு மாக்ஸீன் ஏற்கனவே செருப்பைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? நான்தான் புகார் கொடுத்தேன். ஐஸ் நீலமா இருக்குன்னு சொன்னா, இந்த மனுஷன் என் கண்ணுலதான் கோளாறுன்னு கண் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனாரு!"

நானும் பெகே அம்மாவும் பின்புறத்து நீலத் தொட்டியைப் பார்த்தோம். மாக்ஸீனும் பார்த்தார். வெண்டல் தன் ஷூவைப் பார்த்தார்.

"வெண்டல், அது என்ன?"

"அது… புல்லுக்கு…"

"இத்தனை மாசமா நான் என்ன புல்லா?"

மாடியில் ஹால்வர்சன்தான் முதலில் சிரித்தார். அப்புறம் குடியிருப்பே சிரித்தது. வெண்டல் பின்புறம் போய் மோட்டாரின் வயரைப் பிடுங்கினார். பெகே அம்மா ராண்டி விஷயத்தையும் என்னிடம் விசாரித்துக் குறித்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் டெல்லா ரப்பரோடு வந்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் மாட்டி, கேஜ் வைத்துச் சோதித்தாள். பாஸ் என்றாள். ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. வீட்டுக்குள் வந்து பெட்டிகளைப் பார்த்ததும் கேஜ் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, என்னோட வந்து இரு" என்றாள்.

"ஒரே வாரத்துல ஒருத்தரை ஒருத்தர் கொன்னுடுவோம்."

"ரெண்டு வாரம் தாங்கும்" என்றாள்.

கதவருகில் வெண்டல் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"சாவி மேஜைமேல இருக்கு" என்றேன்.

அவர் சாவியைப் பார்த்தார், எடுக்கவில்லை. பெட்டிகளைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"வால்வு பாஸாமே?"

"ஆமா. அசல் பாஸ்."

"ரிப்போர்ட் ஆபீசுக்குப் போயிடுச்சா?"

"இல்ல. அதை மேனேஜர்தான் அனுப்பணும். இங்க இப்போ மேனேஜர் யாரும் இல்ல."

என் குரலில் இருந்த காரம் எனக்கே கேட்டது. வெண்டல் தலையைச் சொறிந்தார். மன்னிப்புக் கேட்கிற வாய் அவருக்குப் படைக்கப்படவே இல்லை, அது எனக்குத் தெரியும்.

"அப்போ அனுப்பேன்" என்றார். "எதுக்கு உக்காந்துக்கிட்டிருக்க?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தெருவைக் கடந்து போய்விட்டார். சாவி மேஜைமேலேயே இருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து, ரிப்போர்ட்டை அனுப்பினேன், அனுப்பிவிட்டு ஓவென்று அழுதேன். டெல்லா பெட்டியைப் பிரித்து, தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். பெரிய தட்டு வைக்கிற இடத்தில் சின்னத் தட்டை வைத்தாள், கோப்பைகளைக் கவிழ்க்காமல் வைத்தாள், எல்லாமே தப்பு. நான் எதையும் திருத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.